ஜன்னல் அதிரும்போது மேலே என்ன நடக்கிறது?

மாசி மாதத்து முற்பகல். அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்து, தாளடியில் உளுந்து பூத்திருந்த நேரம். அத்தை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. திடீரென்று டும்-டும் என்று ஒட்டினாற்போல் இரண்டு இடி. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. பரணில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு உருண்டு தரையில் விழுந்து ஒரு பக்கம் நசுங்கியது.

"எண்ணெய்க் கிணத்துல ஏதும் வெடிச்சிருச்சாடா?" என்றார் அத்தை. டெல்டாக்காரர்களுக்கு முதலில் அந்தப் பயம்தான் வரும். பத்து நிமிஷத்துக்குள் மன்னார்குடி, வலங்கைமான், குத்தாலம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வாட்ஸப்பில் "உங்களுக்கும் கேட்டுச்சா?" வந்துவிட்டது. ஒருவர் நிலநடுக்கம் என்றார், இன்னொருவர் விண்கல் என்றார். சாயங்காலத்துக்குள் வழக்கமான பதில் வந்தது: போர் விமானம், பயிற்சி, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டாம் என்பது சரி. ஆனால் ஒரே விமானத்தின் சத்தம் மூன்று மாவட்டத்தில் எப்படிக் கேட்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில்தான் விமானம் 'வெடிக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. வாய்க்காலில் வாத்து வேகமாக நீந்தும்போது பின்னால் ஆப்பு மாதிரி ஒரு அலை விரியும் அல்லவா? கரையில் நிற்கும் ஒரு புல்லை அந்த அலை ஒரே ஒரு தடவைதான் தொடும். ஆனால் வாத்து போகிற தூரம் முழுக்க இரண்டு கரையிலும் இருக்கிற எல்லாப் புல்லையும் தொட்டுக்கொண்டே போகும். ஒலியை மீறிப் பறக்கும் விமானமும் அதே மாதிரி ஒரு அழுத்த அலையைக் கூம்பாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கூம்பின் விளிம்பு உங்கள் ஊரைக் கடக்கும்போது உங்களுக்கு இடி. அடுத்த நிமிஷம் பக்கத்துத் தாலுகாவுக்கு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் அந்தப் பாதையின் அகலமே ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும்.

இரண்டு தடவை கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒன்று மூக்கிலிருந்து கிளம்பும் அலை, இன்னொன்று வாலிலிருந்து. நடுவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அப்புறம், மேலே காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி அங்கே மெதுவாகப் போகும். நம் ஊர் வெயிலில் தரைமட்டத்தில் மணிக்குச் சுமார் 1,250 கிலோமீட்டர் வேகம் என்றால், 11 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 1,100. அதனால் ஒலியைக் கொஞ்சமே மீறிப் பறந்தால் அலை வழியிலேயே வளைந்து மேலே திரும்பிவிடும், கீழே சத்தமே வராது. அன்றைக்கு அத்தையின் சொம்பை உருட்டிய விமானி நன்றாகவே முடுக்கியிருக்கிறார்.

அவர் எங்கிருந்து கிளம்பியிருப்பார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிற ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. ரொம்ப வருஷம் சும்மா கிடந்ததை மராமத்து செய்து, நீட்டி, 2013 மே 27-ம் தேதி அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி போர் விமானத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20-ல் 'டைகர்ஷார்க்ஸ்' என்ற 222-ம் ஸ்குவாட்ரன், அதாவது போர் விமான அணி, சுகோய்-30 விமானங்களோடு இங்கே குடியேறியது. முன்பு மிக்-27 ஓட்டிக்கொண்டிருந்து, 2011-ல் கலைத்து வைக்கப்பட்டிருந்த ஸ்குவாட்ரனுக்குத் தஞ்சாவூரில் மறுபிறவி. தென்னிந்தியாவின் முதல் சுகோய் ஸ்குவாட்ரன் இதுதான்.

இங்கே ஏன் என்றால், கடலுக்காக. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் இந்தியப் பெருங்கடல். சுகோய் நடுவானில் எரிபொருள் நிரப்பாமலே சுமார் 3,000 கிலோமீட்டர் போகும். அதன் வயிற்றில் பிரம்மோஸ் ஏவுகணையைக் கட்டிவிட்டால் கதையே வேறு. ஏவுகணையின் எடை மட்டும் சுமார் இரண்டரை டன். அதைச் சுமப்பதற்கு விமானத்தின் நடுவுடலைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. 2016 ஜூனில் முதலில் வெறுமனே சுமந்து பறந்து பார்த்தார்கள். சுட்டுப் பார்த்தது 2017 நவம்பர் 22, வங்கக் கடலில் ஒரு கப்பலை இலக்காக வைத்து. ஏவுகணை முதலில் கல் மாதிரி கீழே விழ வேண்டும். விமானத்தை விட்டு விலகிய பிறகுதான் பற்றிக்கொள்ள வேண்டும். சுமக்கிற பறப்புக்கும் சுடுகிற பறப்புக்கும் நடுவே பதினேழு மாதம். அவசரப்பட்டால் எரிவது சொந்த விமானம்தான்.

சொந்த வானத்தில் சொந்த ஆட்களோடு செய்கிற சோதனை இது. இன்னொரு வகை சோதனையை நம் பக்கத்திலேயே 2024 ஆகஸ்டில் நடத்தினார்கள். அந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததே பெரிய விஷயம் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 6-ம் தேதி கோயம்புத்தூர் சூலூரில் 'தரங் சக்தி' தொடங்கியது. இந்திய விமானப்படை தன் மண்ணில் நடத்திய முதல் பெரிய பன்னாட்டுப் போர் ஒத்திகை. 14-ம் தேதி வரை சூலூரில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன். பிறகு செப்டம்பர் நடுப்பகுதி வரை ஜோத்பூரில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கிரீஸ் உள்ளிட்ட வேறு கூட்டம். சூலூர் நொய்யல் கரையில் இருக்கிற ஊர்; நொய்யல் காவிரியில் வந்து சேர்கிற ஆறு. ஆக ஒரு வகையில் எங்கள் ஆற்றங்கரையில் நடந்த விருந்து என்று நானே சொந்தம் கொண்டாடிக்கொண்டேன்.

முதல் நாளே ஒரு நல்ல காட்சி. ஜெர்மன் விமானப்படைத் தளபதி இங்கோ கெர்ஹார்ட்ஸ் தானே யூரோஃபைட்டர் போர் விமானத்தில் வந்தார். நம் விமானப்படையின் அப்போதைய துணைத் தளபதி ஏ.பி.சிங் நம் சொந்தத் தயாரிப்பான தேஜஸ் போர் விமானத்தில் ஏறிப்போய் அவரை வானத்திலேயே எதிர்கொண்டார். சம்பந்தி வீட்டாரை ஊர் எல்லையில் போய் அழைத்து வருவது மாதிரி. இதில் செய்திகள் அதிகம் கவனிக்காத ஒரு நயம் இருந்தது: ஏ.பி.சிங் சோதனை விமானி. தேஜஸின் பறப்புச் சோதனைகளை நடத்திய மையத்தில் பொறுப்பில் இருந்தவர். தான் குறைகளைத் தேடித் தேடிக் குறித்த விமானத்திலேயே விருந்தாளியை வரவேற்கப் போனார்.

இந்த மாதிரி ஒத்திகைகளுக்கு மூலம் வியட்நாம் போர். அங்கே அமெரிக்க விமானிகளின் இழப்புகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: முதல் பத்து பறப்புகளைத் தாண்டிவிட்ட விமானி அதற்குப் பிறகு பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் அந்த முதல் பத்து பறப்பையும் உயிர் போகாத இடத்தில் கொடுத்துவிடலாமே என்று யோசித்தார்கள். 1975 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் 'ரெட் ஃபிளாக்' தொடங்கியது. எதிரி மாதிரியே பறப்பதற்கு என்று தனி ஆட்களை வைத்தார்கள். பின்னால் வந்த எல்லாப் பன்னாட்டு ஒத்திகையும், ஆஸ்திரேலியாவின் 'பிட்ச் பிளாக்' ஆனாலும் நம் தரங் சக்தி ஆனாலும், இந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான்.

ஒரு நாள் வேலை எப்படிப் போகும் என்றால், காலையில் எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். நீலக்கட்சி, சிவப்புக்கட்சி என்று பிரிவார்கள். நேற்று நீலத்தில் இருந்தவர் இன்று சிவப்பில் இருக்கலாம். ஒவ்வொரு விமானத்தையும் சுற்றி 500 அல்லது 1,000 அடிக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத குமிழி. அதற்குள் யாரும் நுழையக்கூடாது. இந்த உயரத்துக்குக் கீழே சண்டை கிடையாது என்று ஒரு கோடு. யாராவது "நாக் இட் ஆஃப்" என்று ரேடியோவில் சொன்னால், யார் ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்த வேண்டும். கபடியில் நடுவர் விசில் மாதிரி. ஆனால் இங்கே விசில் ஊதும் உரிமை எல்லா ஆட்டக்காரருக்கும் உண்டு.

வானத்தில் யாரும் நிஜமாகச் சுடுவதில்லை. விமானி ரேடியோவில் "ஃபாக்ஸ் த்ரீ" என்பார். ரேடார் வழிகாட்டும் ஏவுகணையை விட்டதாக அர்த்தம். வேகம், உயரம், தூரம், கோணம் எல்லாவற்றையும் கருவிகள் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்த ஏவுகணை பட்டிருக்குமா, தப்பியிருக்குமா என்பது கணக்கு. பட்டது என்றால் 'செத்தவர்' களத்தை விட்டு விலகிப் போவார்; சில ஒத்திகைகளில் ஒரு எல்லைக்குப் போய்த் தொட்டுவிட்டு உயிரோடு திரும்பி வருவார்.

சத்தமும் புகையும் இவ்வளவுதான். உண்மையான ஒத்திகை, இறங்கிய பிறகு நடக்கிறது. ஒரு மணி நேரம் பறந்ததைப் பல மணி நேரம் உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். நீ ஏன் இந்த நொடியில் இடப்பக்கம் திரும்பினாய், உன் கூட்டாளி சொன்னது உன் காதில் விழுந்ததா, விழவில்லை என்றால் ஏன். பதவி பார்க்காமல் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நம் ஊரில் மேலதிகாரியின் தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்கிற அலுவலகம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்! இந்தப் பழக்கம்தான் விமானத்தை விட விலை உயர்ந்தது என்பேன்.

நாம் பார்ப்பதோ மதிப்பெண் பட்டியலை. 2004-ல் குவாலியரில் நடந்த 'கோப் இந்தியா' என்ற இந்திய-அமெரிக்க ஒத்திகையில் அமெரிக்க எஃப்-15 விமானங்களை நம்மவர்கள் பெரும்பாலான மோதல்களில் மடக்கிவிட்டார்கள் என்று அமெரிக்காவிலேயே எழுதினார்கள். நம் ஆட்கள் திறமையாகப் பறந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவாக நின்றார்கள், தங்கள் நீண்ட தூர ஏவுகணையை முழுதாகப் பயன்படுத்தவில்லை, நவீன ரேடார் பொருத்திய விமானங்களைக் கொண்டுவரவுமில்லை. எஃப்-22 வாங்கப் பணம் கேட்டு அவர்கள் விமானப்படை மன்றாடிக்கொண்டிருந்த நேரம் வேறு. தோற்றுவிட்டோம் என்று உரக்கச் சொல்வதில் அவர்களுக்கும் ஒரு லாபம் இருந்தது. 2015-ல் பிரிட்டனில் 'இந்திரதனுஷ்' ஒத்திகை முடிந்து நம் ஊடகங்களில் 12-0 என்று வந்தது. பிரிட்டிஷ் தரப்பு அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தது. டீக்கடையில் இன்னும் 12-0 ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒத்திகையில் எல்லோரும் கையை மூடிக்கொண்டுதான் ஆடுகிறார்கள் என்பது இந்தப் பட்டியல்காரர்களுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை. 2008-ல் நம் சுகோய்கள் ரெட் ஃபிளாக்குக்கு நெவாடா போனபோது ரேடாரைப் பயிற்சி நிலையில்தான் வைத்திருந்தன. உண்மையான அலைவரிசைகளை யாரும் கேட்டுப் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக. அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35 போன்ற ரேடாருக்கு எளிதில் சிக்காத விமானங்களோ, சமாதான காலத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன பிரதிபலிப்பான் குமிழை உடம்பில் ஒட்டிக்கொண்டு பறக்கும். லூனெபர்க் லென்ஸ் என்று பெயர். அதை மாட்டியதும் ரேடாரில் பளிச்சென்று தெரியும். வழியில் யாரும் மோதாமல் இருக்கவும் உதவும், உண்மையில் எவ்வளவு மறைகிறோம் என்பதை யாரும் அளக்காமல் இருக்கவும் உதவும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டின் எல்லா அறையையும் திறந்து காட்டுவோமா?

அதே 2008 ஒத்திகையில் வேறொரு குறை வெளிப்பட்டது. அமெரிக்கப் படையும் அதன் நெருங்கிய கூட்டாளிகளும் ஒருவர் திரையில் ஒருவர் தெரிகிற மாதிரி ஒரு தகவல் வலைப்பின்னலில் இருந்தார்கள். நம் சுகோய்கள் அதில் இல்லை. நடுவானில் எது நண்பன், எது எதிரி என்று ரேடியோவில் வாய்ப்பேச்சாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் எதிரெதிரே வரும்போது கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சொந்தக் கட்சிக்காரரையே 'சுட்ட' சம்பவங்கள் நடந்தன. பன்னாட்டு ஒத்திகையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். யார் யாரை மடக்கினார் என்பது இரண்டு நாள் பேச்சு. பேசும் மொழி ஒன்றாக இல்லை என்று தெரிந்துகொள்வது இருபது வருஷ வேலைக்கு அடித்தளம். 2018-ல் அமெரிக்காவோடு கையெழுத்தான தகவல் தொடர்பு ஒப்பந்தத்துக்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் கிடக்கின்றன. நம்மிடம் ரஷ்ய விமானம், பிரெஞ்சு விமானம், சொந்த விமானம் எல்லாம் கலந்து இருப்பதால் வீட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது.

சொந்த விமானம் என்றதும் தேஜஸுக்கு வருவோம். 2001 ஜனவரி 4, பெங்களூருவில் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதில் முதன்முதலாக 18 நிமிஷம் பறந்தார். முழுப் போர்த் தகுதி கிடைத்தது 2019 பிப்ரவரியில். நடுவில் பதினெட்டு வருஷம்! கேலி செய்ய எளிது. அந்த வருஷங்களில் அதை லடாக்கின் லே பகுதிக் குளிரில் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் வெளி உதவி இல்லாமல் எஞ்சின் பற்றுகிறதா என்று பார்த்தார்கள். கோவாவில் கடல்மட்டத்தை நோக்கி இறக்கி மணிக்கு 1,350 கிலோமீட்டர் வரை கொண்டுபோய் இறக்கை நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். 2018 செப்டம்பரில் 20,000 அடி உயரத்தில் ஐஎல்-78 டேங்கரிடமிருந்து 1,900 கிலோ எரிபொருளைக் குழாய் வழியே உறிஞ்ச வைத்தார்கள். 2023-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் 'டெசர்ட் ஃபிளாக்' ஒத்திகைக்குப் போனதுதான் அதன் முதல் வெளிநாட்டுப் போர் ஒத்திகை. முதல் இரண்டு தேஜஸ் ஸ்குவாட்ரன்களும் சூலூரில்தான் வேர் விட்டன. இவ்வளவுக்கும் பிறகு 2025 நவம்பர் 21-ல் துபாய் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார். சோதனை எந்த நாளிலும் முடிந்துவிடுவதில்லை.

இந்த விமானத்துக்கு முதலில் நிச்சயித்த எஞ்சினின் பெயர் தெரியுமா? காவிரி. 1989-ல் அனுமதி கிடைத்தது, சுமார் 383 கோடி ரூபாயில் தொண்ணூறுகளின் நடுவிலேயே முடித்துவிடுவதாகத் திட்டம். அதன் உள்ளே இருக்கும் மையப் பகுதிக்கு 'கபினி' என்று பெயர். காவிரிக்குள் கபினி கலப்பது மாதிரியே. செய்தது பெங்களூருவில் இருக்கிற ஜிடிஆர்இ என்ற அரசு எஞ்சின் ஆய்வு நிறுவனம். அவர்கள் குடிக்கிற தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பேரு காவிரின்னு வச்சுட்டு, தேதிக்கு வரணும்னா எப்படிப்பா வரும்?" என்றார்.

வரவில்லைதான். கேட்டது 81 கிலோநியூட்டன் உந்துவிசை, கிடைத்தது 70 சொச்சம். நம் கணக்கில் சொன்னால் 60 கிலோ மூட்டையில் பதினெட்டு மூட்டை நெல் எடைக்குக் குறைச்சல். எஞ்சினின் எடையும் நினைத்ததை விடக் கூடிவிட்டது. 2008-ல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவின் எஃப்-404 எஞ்சினோடுதான் தேஜஸ் பறக்கிறது.

காவிரியின் தோல்விக்கு விஞ்ஞானிகளின் திறமைக் குறைவே காரணம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இன்னொரு குறை இருந்தது. எஞ்சினை உயரத்தில் இருக்கிற மெல்லிய காற்றில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கூடமும் நம்மிடம் இல்லை, அதைக் கட்டிக்கொண்டு பறக்கும் சோதனை விமானமும் இல்லை. 2010 நவம்பரில் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் குரோமோவ் ஆய்வு நிலையத்துக்கு எடுத்துப்போய், ஒரு ஐஎல்-76 சரக்கு விமானத்தின் நாலு எஞ்சினில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காவிரியை மாட்டினார்கள். இது நின்றுபோனாலும் மற்ற மூன்றும் இறக்கிவிடும். அங்கே காவிரி 12 கிலோமீட்டர் உயரம் வரை நன்றாகவே ஓடியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்தவன் களத்து மேட்டில் போரடிக்கக் காத்திருப்பவனின் விளைச்சல் எப்போது வீடு வரும்? எஃப்-404-க்கு 2021-ல் 99 எஞ்சின் கேட்டு ஒப்பந்தம் போட்டோம், முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களின் வரிசை அதற்காகக் காத்து நின்றது. இதற்கிடையே 2025 செப்டம்பரில் மிக்-21-களும் ஓய்வு பெற்றுவிட, 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய விமானப்படையில் 29 என்ற நிலை.

காவிரி முழுதாக வற்றிவிடவில்லை. அதன் பின்பக்கத்தில் நெருப்பை ஊதிவிடும் ஆஃப்டர்பர்னரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாப் போர் விமானத்துக்குப் பொருத்தும் வேலை நடக்கிறது. 'கட்டக்' என்று அந்த விமானத்துக்குப் பெயர். ரேடாருக்குச் சிக்காமல் பதுங்கிப் போக வேண்டியது. அது ஒலியின் வேகத்தைத் தாண்டாது. காவிரி பெயரில் ஒரு எஞ்சின் என்றைக்காவது எங்கள் வயலுக்கு மேலே பறந்தால், அத்தை தன் நசுங்கிய சொம்பைத் தாராளமாகப் பரணிலேயே வைக்கலாம்.